அம்மா இறந்து 14 மாதம்: உணர்ச்சியைக் கட்டுப்படுத்தத் தெரபி இருக்கிறதா?

உங்கள் கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தேன். அம்மா மாரடைப்பில் போய் 14 மாதம் ஆகிறது. பெங்களூரிலிருந்து நீங்கள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே, கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் போன் வந்துவிட்டது. அன்றைக்கும் அழவில்லை, 16ஆம் நாள் காரியத்திலும் அழவில்லை. இப்போது ஆபீஸில் ஒன்றுமில்லாத விஷயத்துக்கெல்லாம் கத்துகிறீர்கள். சிக்னலில் நிற்கும்போது திடீரென்று உடைந்து அழுகிறீர்கள். ஊருக்குப் போய் 8 மாதமாகிறது. போனில் இருக்கும் அம்மாவின் வாய்ஸ் மெசேஜ்களைக் கேட்கவும் முடியவில்லை, அழிக்கவும் மனம் வரவில்லை. அப்பா "இன்னும் எத்தனை நாளைக்குடா இப்படி" என்கிறார். உணர்ச்சியைக் கட்டுப்படுத்தத் தெரபி உண்டா, மாத்திரை போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் கேட்காமல் விட்ட கேள்விகள் இரண்டு இருப்பதாக எனக்குப் படுகிறது. 'எனக்கு வந்திருப்பது நோயா?' என்பது ஒன்று. 'சிகிச்சைக்குப் போனால் அம்மாவை மறக்க வைத்துவிடுவார்களோ?' என்பது இன்னொன்று. பின்னதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். மாட்டார்கள். நல்ல சிகிச்சையில் அம்மாவைப் பற்றி நீங்கள் இப்போது பேசுவதைவிட அதிகமாகப் பேசுவீர்கள்.

நான் 18 வருடமாக மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். ஆரம்ப வருடங்கள் அரசு மருத்துவமனையில், இப்போது தனியாக. உறவை இழந்தவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். ஆனாலும் ஒரு பத்தி எழுத்தை வைத்து உங்களுக்கு இன்னது இருக்கிறது என்று சொல்ல என்னால் முடியாது, சொல்லவும் கூடாது. நேரில் ஒரு மணி நேரம் பேசினால்தான் அது தெரியும். பொதுவாக என்ன தெரியுமோ அதைச் சொல்கிறேன்.

நோயா என்பதற்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'நீடித்த துயரக் கோளாறு' என்று ஒன்று 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. இறப்புக்குப் பிறகு குறைந்தது 6 மாதம் கடந்திருக்க வேண்டும் என்கிறது அது. அதே 2022இல் திருத்தி வெளியிடப்பட்ட அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. இரண்டுக்குமே மையம் ஒன்றுதான்: கிட்டத்தட்ட தினமும் இறந்தவரை நினைத்து ஏங்குவது, அல்லது அவர் நினைவிலேயே மூழ்கிக் கிடப்பது. அதோடு நம்ப முடியாமை, மரத்துப்போன உணர்வு, கோபம், குற்ற உணர்ச்சி, இறப்பை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது போன்றவை சேர்ந்து அன்றாட வாழ்க்கையே நடக்காத நிலை. அந்தச் சமூகத்தில் வழக்கமாகத் துக்கம் அனுசரிக்கும் அளவைத் தாண்டியும் அது இருக்க வேண்டும். இயற்கை மரணத்தில் உறவை இழந்த பெரியவர்களில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு இது வருவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். விபத்து, தற்கொலை, கொலை போன்ற மரணங்களில் விகிதம் இன்னும் அதிகம். ஆகவே 14 மாதம் ஆகிவிட்டது என்பதாலேயே நோய் ஆகிவிடாது. உங்கள் கதையில் என் கண்ணில் பட்டது அழுகையே இல்லை. 8 மாதமாக வீட்டுப் பக்கமே போகாமல் இருப்பதுதான்.

அழாததைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்படுகிறீர்கள். பயிற்சி முடித்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அழாதவரை எப்படியாவது அழ வைத்துவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நம்பி, மகனைப் பறிகொடுத்த ஒரு பெரியவரை நாலு செஷன் அதையே நோக்கித் தள்ளினேன். ஐந்தாவது முறை அவர் வரவில்லை. அது என் தவறு. அதிகமாக அழுதவர்கள் சீக்கிரம் தேறுவார்கள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் பொனானோ 2004இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். நியூயார்க் கல்லூரி மாணவர்களிடம், உணர்ச்சியை ஒரு சமயம் நன்றாக வெளிக்காட்டச் சொன்னார், இன்னொரு சமயம் மறைக்கச் சொன்னார். காட்டவும் மறைக்கவும் இரண்டுமே தெரிந்தவர்கள்தான் பின்னால் குறைவான மன உளைச்சலோடு இருந்தார்கள். பிறகு துயரத்தில் சிக்கியவர்களைச் சோதித்தபோது, அவர்களுக்குக் குறைந்திருந்தது இந்த நெகிழ்வுத்தன்மைதான். அப்பா முன்னால் அடக்கிக்கொள்வதும், நண்பனிடம் கொட்டுவதும் ஒரே ஆளால் முடிய வேண்டும். கட்டுப்பாடு என்று நீங்கள் கேட்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்வேன்.

'ஐந்து கட்டங்கள்' பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியது சாகப்போகிற நோயாளிகளோடு பேசியதை வைத்து. உறவை இழந்தவர்கள் இந்த வரிசையில்தான் போவார்கள் என்பது ஆய்வுகளில் நிற்கவில்லை. எனவே 'இன்னும் கோபத்திலேயே நிற்கிறேனே' என்று உங்களை நீங்களே அளக்க வேண்டாம்.

எனக்குப் பிடித்த விளக்கம் ஒன்று உண்டு. நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் 1999இல் முன்வைத்தது. இழப்பை எதிர்கொள்வது ஒரு வேலை, இழப்புக்குப் பிறகான வாழ்க்கையை நடத்துவது இன்னொரு வேலை. மனம் இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வர வேண்டும் என்பார்கள். ஒன்றிலேயே நின்றுவிடுவதுதான் சிக்கல். நம் ஊர்ச் சாவு வீட்டைப் பாருங்கள். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு சித்தி வந்து "வா, ரெண்டு வாய் காபி குடி" என்று இழுத்துக்கொண்டு போவாள். துட்டி கேட்க ஒருவர் வந்ததும் மறுபடியும் அழுகை. 16 நாளும் இப்படியே போகும், வருஷ திவசம் வரை இடையிடையே வரும். போவதும் வருவதும் வழக்கத்துக்குள்ளேயே இருந்தது. இதை நான் அப்படியே புகழவும் மாட்டேன். அதே சடங்கில் கணவனை இழந்தவளின் பூவையும் பொட்டையும் பறித்த கொடுமையும் சேர்ந்தே இருந்தது. ஆனால் ஐந்து நாள் லீவில் வந்து, காரியச் செலவுக்கும் சமையல்காரருக்கும் அலைந்துவிட்டு லேப்டாப்பைத் திறந்த ஒரு மகனுக்கு இந்தப் போக்குவரத்து நடக்கவே இல்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் காரியம் முழுக்க ஏற்பாடு செய்தவர் நீங்கள்தான்.

சரி, சிகிச்சை. இதற்கென்றே உருவாக்கி, ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தவற்றில் முக்கியமானது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஷியர் வகுத்த முறை. வாரம் ஒன்றாக சுமார் 16 செஷன். நான் அந்த முறையைத் தழுவித்தான் வேலை செய்கிறேன் என்பதால் உள்ளே என்ன நடக்கும் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வாரங்களில் ஒரு சின்ன நாட்குறிப்பு. இன்று துயரம் அதிகபட்சம் எவ்வளவு இருந்தது, குறைந்தபட்சம் எவ்வளவு, பத்துக்கு எத்தனை, அப்போது என்ன நடந்தது என்று ஒரு வரி. 'எப்போதுமே பத்துதான்' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் ஒரு வாரம் எழுதியதும், மாலை 4 மணிக்கு இரண்டாக இருந்ததைத் தானே பார்ப்பார். அது ஏறி இறங்குவது என்று தெரிவதே ஒரு பிடி. கூடவே உங்களுக்காக ஒரு ஆசையை, இழப்புக்கு முன்னால் இருந்ததோ புதியதோ, சின்னச் சின்னப் படியாக எடுக்கச் சொல்வோம். ஆரம்பத்திலேயே ஒரு செஷனுக்கு வீட்டாரில் ஒருவரையும் வரச் சொல்வது உண்டு. உங்கள் விஷயத்தில் அப்பா வந்தால் நல்லது. 'எத்தனை நாளைக்குடா' என்று கேட்கிறவர்கள் பல பேர், தங்கள் துக்கத்துக்கு இடம் கிடைக்காமல்தான் அப்படிக் கேட்கிறார்கள்.

நாலாவது செஷன் வாக்கில் கடினமான பகுதி தொடங்கும். கண்ணை மூடிக்கொண்டு, சாவுச் செய்தி தெரிந்த அந்த நேரத்தை இப்போது நடப்பதுபோல் சொல்ல வேண்டும். 'பஸ்ஸில் இருக்கிறேன், ஜன்னல் சீட், போன் அடிக்கிறது, மாமா பேர் வருகிறது…' என்று. பத்து நிமிடம் போல. அதைப் பதிவு செய்து, வீட்டில் கேட்கச் சொல்வோம். சொல்லி முடித்ததும் அப்படியே எழுப்பி அனுப்ப மாட்டோம். என்ன நினைத்தீர்கள், என்ன தோன்றியது என்று பேசி, அந்தக் காட்சியை எடுத்து ஓரமாக வைப்பதாகக் கற்பனை செய்து, பிறகு மனசுக்கு இதமான ஒன்றைச் செய்யத் திட்டம் போட்டுவிட்டுத்தான் அனுப்புவோம். உணர்ச்சியைச் சமாளிக்கும் பயிற்சி உண்மையில் இந்த இடத்தில்தான் நடக்கிறது: வலிக்குள் போகவும் முடிகிறது, அதிலிருந்து எழுந்து வரவும் முடிகிறது என்று உடம்பே கற்றுக்கொள்கிறது. அடுத்தடுத்த வாரங்களில் தவிர்த்துவந்த இடங்கள், பொருள்கள். தெருமுனை வரை, பிறகு வாசல் வரை, பிறகு அடுப்படி. அம்மாவைப் பற்றிய நல்ல நினைவுகளோடு கசப்பானவற்றையும் எழுதச் சொல்வோம். கடைசிப் பகுதியில், அம்மா எதிரே இருப்பதாக நினைத்து அவரிடம் பேசி, அவர் என்ன பதில் சொல்வார் என்பதையும் நீங்களே சொல்ல வேண்டும். இதைக் கேட்டதும் பலர் கூச்சப்படுவார்கள். என் பாட்டி ஒப்பாரியில் செத்துப்போனவரை "நீ" என்று கூப்பிட்டுக் கேள்வி கேட்பதைக் கேட்டு வளர்ந்தவள் நான். எனக்கு அது அந்நியமாகத் தெரியவே இல்லை.

ஆதாரம் எப்படி? 2005இல் வெளியான ஷியரின் முதல் பெரிய சோதனையில், இந்த முறையில் 100க்கு 51 பேர் முன்னேற்றம் கண்டார்கள்; மன அழுத்த நோய்க்கு (டிப்ரஷன்) வழக்கமாகத் தரும் ஒரு பேச்சுச் சிகிச்சையில் 28 பேர். வயதானவர்களை வைத்து 2014இல் வந்த சோதனையில் இந்த முறையில் 100க்கு சுமார் 70 பேர், அந்தப் பேச்சுச் சிகிச்சையில் 32 பேர். உத்ரெக்டில் பால் பூலன் குழு 2007இல் வெறும் ஆறுதல் ஆலோசனையோடு ஒப்பிட்டது. இழப்பை நேருக்கு நேர் சந்திக்கும் பயிற்சியை முதலில் வைத்து, எண்ணங்களைத் திருத்தும் வேலையைப் பின்னால் வைத்தபோது பலன் கூடுதலாக இருந்தது. சிட்னியில் ரிச்சர்ட் பிரையன்ட் குழு 2014இல் 80 பேரை எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் ஒரே குழுச் சிகிச்சை கொடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் இறப்பு நினைவை மீண்டும் சொல்லும் நாலு தனிச் செஷன்களைச் சேர்த்தது. சேர்த்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். மூன்று நாடு, மூன்று குழு, ஒரே திசை. அதனால் இழப்பை நெருங்கிப் போகும் பகுதி முக்கியம் என்பதை நான் உறுதியாகவே சொல்வேன். அதே எண்களில், உரிய சிகிச்சை எடுத்தும் தேறாதவர்கள் 100க்கு 30 முதல் 50 பேர் வரை இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். போனால் கட்டாயம் சரியாகிவிடும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியில் அது மூன்று இடத்தில் வருகிறது. 'முந்தின வாரமே போயிருந்தால்', 'நெஞ்சு எரிச்சல் என்று சொன்னபோதே ஈசிஜி எடுக்கச் சொல்லியிருந்தால்', 'பஸ்ஸுக்குப் பதில் காரில் வந்திருந்தால்'. இப்படி ராத்திரி முழுக்கச் சுற்றுவது அம்மாவையே நினைத்துக்கொண்டிருப்பது போலத் தோன்றும். ஆனால் அந்த 'இருந்தால்' உலகத்தில் அம்மா உயிரோடு இருக்கிறார். அங்கே சுற்றிக்கொண்டிருக்கும் வரை, அம்மா இல்லாத இந்த வீட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை. இந்தச் சுழலும் ஒருவகைத் தவிர்ப்புதான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்ல ஆரம்பித்த பிறகுதான், நான் பார்த்த பல பேரை எனக்கே சரியாகப் புரிந்தது. சிகிச்சையில் 'உங்கள் மேல் தப்பில்லை' என்று வெறுமனே சொல்வதில்லை. அதை உங்களுக்கு ஏற்கெனவே நூறு பேர் சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்தது என்ன, இன்றைக்குத் தெரிவது என்ன என்று இரண்டையும் பிரித்து எழுதிப் பார்ப்போம். அதற்குப் பிறகும் கொஞ்சம் வருத்தம் மிஞ்சலாம். உண்மையான வருத்தம் என்றால் அதற்கு இடம் கொடுக்கத்தான் வேண்டும்.

இனி உறுதி குறைந்தவை. தியானம், மைண்ட்ஃபுல்னஸ் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பிரையன்ட் குழு 2024இல் 100 பேரை வைத்து நேரடியாக ஒப்பிட்டது. சிகிச்சை முடிந்து 6 மாதம் கழித்துப் பார்த்தபோது, துயரத்தை மையமாக வைத்த சிகிச்சை மைண்ட்ஃபுல்னஸ் முறையைவிட மேலாக இருந்தது. படபடப்பைத் தணிக்க மூச்சுப் பயிற்சியை நானும் சொல்லித் தருகிறேன். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு 8 மாதமாகப் போகாத வீட்டுக்குள் நுழைய முடியாது. மாத்திரையைப் பொறுத்தவரை, ஷியர் குழு 395 பேரை வைத்து 2016இல் வெளியிட்டது தெளிவானது. சிட்டலோப்ராம் என்ற மன அழுத்த மருந்தைச் சிகிச்சையோடு சேர்த்தபோது துயரத்தில் கூடுதல் முன்னேற்றம் ஏதும் இல்லை. கூடவே இருந்த மன அழுத்த அறிகுறிகள் மட்டும் குறைந்தன. எனவே சாப்பாடு, தூக்கம் எல்லாம் போய், எதிலும் பிடிப்பு இல்லாமல் மன அழுத்த நோயும் சேர்ந்திருந்தால் மனநல மருத்துவர் மருந்து தருவார், எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஏக்கத்துக்கு மட்டும் மாத்திரை கிடையாது.

சாவு வீட்டில் அழுது புரள்கிறவருக்கு ஊசி போட்டுத் தூங்க வைக்கும் பழக்கம் நம்மிடம் நிறைய. அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் மனநோய் ஏதும் இல்லாமல் துக்கத்தில் மட்டும் இருப்பவர்களுக்கு பென்சோடயசெபைன் வகைத் தூக்க, பதற்ற மருந்துகளைத் தரக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டல் சொல்கிறது. உறவை இழந்த எல்லோருக்கும் முறையான உளவியல் சிகிச்சை தேவையில்லை என்பதும் அதே வழிகாட்டலில்தான் இருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் அப்பாவோ தங்கையோ அழுதாலும் சாப்பிட்டு, தூங்கி, நாளை ஓட்டுகிறார்கள் என்றால் அவர்களுக்குத் தேவை சிகிச்சையாளர் இல்லை, பக்கத்தில் உட்கார ஆள்.

மேலே சொன்ன பெரிய சோதனைகள் எல்லாம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்தவை. நம் பக்கத்தில் 2004 சுனாமிக்குப் பிறகு, உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்குப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் துணை நின்றதை ஆராய்ந்து சென்னையின் லட்சுமி விஜயகுமார் 2008இல் எழுதினார். துணை கிடைத்தவர்களிடம் வேதனை குறைந்திருந்தது. அது சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய சோதனை அல்ல என்பதால் அளவாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழில், நம் குடும்ப அமைப்பில் எதை எப்படி மாற்றிச் செய்யலாம் என்பதில் பெரும்பகுதி என் போன்றவர்களின் அனுபவம்தான். அனுபவத்துக்குச் சோதனையின் பலம் கிடையாது.

யாரிடம் போவது? எம்.ஃபில் மருத்துவ உளவியல் முடித்து, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கட்டணம் இல்லை. கூட்டம் இருக்கும், செஷன் நேரம் குறைவாகக் கிடைக்கும். முதல் சந்திப்பிலேயே, 'துயரத்துக்கு என்று தனியாக வேலை செய்கிறீர்களா, எத்தனை செஷன் ஆகும், அம்மா இறந்த நாளைப் பற்றிப் பேசுவோமா?' என்று கேளுங்கள். 'அதையெல்லாம் கிளற வேண்டாம், மறந்துடுங்க' என்று பதில் வந்தால் வேறு ஒருவரைத் தேடுங்கள்.

ஒன்றை நேராகவே கேட்கிறேன். 'அம்மாகிட்டயே போயிடலாம்' என்று தோன்றுவது உண்டா? துயரத்தில் இருக்கும் பலருக்கு அந்த நினைப்பு வந்து போகும். ஆனால் எப்படி, எப்போது என்று யோசிக்கும் அளவுக்கு வந்திருந்தால், அல்லது தினமும் குடித்துத்தான் தூங்க முடிகிறது என்றால், காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு இன்றே பேசுங்கள். இலவசம், தமிழிலும் பேசுவார்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

அதுவரை உங்களால் செய்யக்கூடியது அந்த 'பத்துக்கு எத்தனை' நாட்குறிப்பு. வண்டியில் அழுகை வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு அழுங்கள். இறந்த நேரத்தைக் கண்ணை மூடிச் சொல்லிப் பார்ப்பதை மட்டும் தனியாக முயல வேண்டாம், அதற்குப் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும்.

அப்புறம் அந்த வாய்ஸ் மெசேஜ்கள். அழிக்காதீர்கள். கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் போன் தொலைந்து, அல்லது ரிப்பேருக்குக் கொடுத்த இடத்தில் எல்லாம் அழிந்து, அம்மாவின் குரலே போய்விட்டது என்று என் எதிரே உட்கார்ந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்று ராத்திரியே ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள், இன்னொன்றைத் தங்கைக்கு அனுப்புங்கள். என்றைக்காவது கேட்கலாம் என்று தோன்றினால், தங்கையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுங்கள். 'சாப்டியா' என்று கேட்கிற பத்து விநாடி மெசேஜ் ஒன்று எப்படியும் இருக்கும்.